மண் தொடாத கை

"கண்டிப்பா" என்ற சொல்லை அக்கா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் "பாப்போம் டீச்சர்" என்பார். மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றாலும் பாப்போம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட வாருங்கள் என்றாலும் பாப்போம். அன்று மாலையே குழாய் சரியாகியிருக்கும். ஞாயிறு மதியம் கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து கதவைத் தட்டுவார். ஆனால் முன்கூட்டி வாக்குக் கொடுக்க மாட்டார்.

ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துவதற்காக நான் தேனிக்கு வந்தேன். அல்லிநகரத்தில் அக்கா வீட்டு மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழே அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும். வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் குழாயும் மோட்டாரும் விற்கிற கடை. ஊரே அவரை அண்ணாச்சி என்றதால் நானும் அண்ணாச்சி என்றேன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்களும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, நீளமான கைகள். பேசும்போது அந்தக் கைகள் சும்மா இருக்காது. காற்றில் எதையோ வளைத்து, எதையோ கிள்ளி, எதையோ முடிந்துகொண்டே இருக்கும். என்ன செய்கிறார் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

"வர்றேன்" என்று அவர் சொல்லி ஒரே ஒரு முறை கேட்டேன். பள்ளி ஆண்டு விழாவில் நான் பழக்கிய நாடகத்துக்கு அழைத்தபோது, என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கொஞ்சம் யோசித்துவிட்டு வர்றேன் என்றார். விழா அன்று மதியத்திலிருந்தே மேற்கே மலை தெரியவில்லை. சாரல் மழையானது, மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்குப் போகும் சாலையில் புளியமரம் ஒன்று சாய்ந்து, பஸ்ஸும் ஆட்டோவும் நின்றுவிட்டன. பாதிக் கூட்டத்தோடு விழா நடந்தது. நாடகம் முடிந்து திரை விழுந்தபோது, கடைசி வரிசைக்குப் பின்னால் கதவோரம் அக்கா நின்றிருந்தார். புடவை முழுக்க நனைந்து, கதவடியில் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்திருந்தார். நான் ஓடிப் போய், நாடகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே அக்கா என்று வருத்தப்பட்டேன்.

"வர்றேன்னுதான டீச்சர் சொன்னேன். பாக்குறேன்னு சொல்லலையே."

சிரிக்காமல்தான் சொன்னார். வந்த வழியே நடந்து திரும்பியும் போனார்.

மீன்காரம்மா கதை இன்னும் விசித்திரம். வைகை அணை மீனைக் கூடையில் கொண்டுவரும் ஒரு பெண், தினமும் காலையில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடிப்பார். இருவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அக்கா அவரிடம் மீன் வாங்கி நான் பார்த்ததில்லை. மீன் வேண்டுமென்றால் அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போய் வருவார். விசாரித்தபோது மீன்காரம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார். எப்போதோ ஒருநாள் கெட்டுப்போன மீனைத் தெரியாமல் கொடுத்துவிட்டாராம். இனி ஒன்கிட்ட மீன் வாங்க மாட்டேன் என்று அக்கா கோபத்தில் சொல்லிவிட்டார். மறுநாளே கோபம் தீர்ந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல் அங்கேயே நின்றது. அன்றிலிருந்து காபி மட்டும். பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மீனை நான் வாங்கி, குழம்பு வைத்து, பாதியைக் கீழே கொடுத்துவிடுவேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வார். சமைத்த குழம்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லையே.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன், ஒரு மல்லிகைத் தொட்டி வாங்கி வரும் வரை.

மாடிக்குப் போகும் படியடியில் அக்கா நின்றிருந்தார். சாவியைத் தேட வேண்டியிருந்ததால், இதைக் கொஞ்சம் பிடியுங்கள் அக்கா என்று தொட்டியை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சூடான பாத்திரத்தை நீட்டியது போல ஒரு வேகம். தொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் தேடினேன். அக்கா குனிந்து மல்லிகையின் மொட்டுகளை உற்றுப் பார்த்தார். நுனிக்கொழுந்தை ஒரு விரலால் தொட்டார். விரல் மண்ணுக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டது.

அண்ணாச்சி மறுநாள் கடையில் வைத்து அந்தக் கதையைச் சொன்னார். அக்காவின் பிறந்த ஊர் கம்பம் தாண்டி, லோயர் கேம்ப் போகிற வழியில். கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். பெரியாத்துத் தண்ணீர் பாயும் வாய்க்காலை ஒட்டி அவர்களுடைய திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அப்பா போட்ட பன்னீர் திராட்சைப் பந்தல். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அக்காதான் அதற்குக் கவாத்து வெட்டுவாராம். எந்தக் கொடியை எந்தக் கணுவில் வெட்டினால் அடுத்த பட்டத்துக்குக் குலை தள்ளும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகும் ஒவ்வொரு கவாத்துக்கும் பஸ் ஏறிப் போய்விடுவார். அப்பா போன பிறகும் அது நிற்கவில்லை. அண்ணன் ஒருவர்தான், அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்படிப் போன ஒருநாள், பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையில் நடந்தவருக்குத் தோட்டம் அடையாளம் தெரியவில்லை. பந்தல் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கொடிகள் எல்லாம் தூரோடு வெட்டப்பட்டு ஓரத்தில் குவிந்து கிடந்தன. கல்தூண்கள் மட்டும் நின்றன. அண்ணன் கிணற்றடியில் இருந்தார். அக்கா கத்தவில்லை, அழவில்லை. "இனிமே நான் மண்ணத் தொட மாட்டேண்ணே" என்று ஒரே ஒரு வார்த்தை. அடுத்த பஸ்ஸில் தேனிக்கு வந்துவிட்டார்.

"அந்த மண்ண, நம்ம மண்ணன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "எந்த மண்ணுன்னு சொல்லலையே. அதுதான் வினையாப் போச்சு."

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு தொட்டிச் செடி கிடையாது. அண்ணாச்சி ஆசைப்பட்டு ஒரு ரோஜாப் பதியன் வாங்கி வைத்தார். கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் தண்ணீர் ஊற்ற மறந்து அது காய்ந்துவிட்டது. மார்க்கெட்டிலிருந்து வரும் உருளைக்கிழங்கைக்கூட அவர்தான் கழுவிக் கொடுப்பார். அண்ணன் வீட்டோடு பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. அக்காவின் கைகள் காற்றில் எதைச் செய்துகொண்டிருந்தன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

கீழ் வீட்டின் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. கடைச் சரக்கு வைத்திருந்த இடம். புறவழிச் சாலையில் கிடங்கு பிடித்ததும் அது காலியானது. ஒரு விடுமுறை நாள் பகலில், ஊறுகாய் கொடுக்கப் போனபோது அக்காவை அங்கே பார்த்தேன். விளக்குப் போடாமல், ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. இல்லாத கொடியை வளைத்து, இல்லாத கணுவில் வெட்டி, இல்லாத கம்பியில் கட்டின. நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. சத்தம் காட்டாமல் மேலே போய்விட்டேன். ஊறுகாயைச் சாயங்காலம் கொடுத்தேன், கூடவே என் போனையும்.

போனில் ஒரு காணொளி. யாரோ ஒரு பெண் தன் வீட்டு அறைக்குள், மண்ணே இல்லாமல், தண்ணீரில் கீரை வளர்க்கிறார். மூடியில் துளை போட்ட ஒரு டப்பா. துளைக்குள் சின்னச் சின்ன வலைக்கிண்ணங்கள். அதற்குள் செடி. மூடியைத் தூக்கினால் வெள்ளையாக வேர்கள் தண்ணீரில் தொங்குகின்றன. மேலே ஓர் ஊதா விளக்கு.

"அடியில மண்ணு இல்லையா?"

இல்லை அக்கா என்றேன். அவர் இன்னொரு முறை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பல நாள் அந்தப் பேச்சே இல்லை. தவறு செய்துவிட்டேனோ என்று இருந்தது. ஒருநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது படியடியில் காத்திருந்தார்.

"அந்தப் படத்த இன்னொருக்காப் போடுங்க டீச்சர். அதுக்கு என்னென்ன சாமான் வேணும்னு அண்ணாச்சிக்கு எழுதிக் குடுங்க."

கூரியரில் பெட்டி வந்தது. வலைக்கிண்ணங்கள், ஸ்பாஞ்சுத் துண்டுகள், ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு உரப் பொட்டலங்கள், கூடவே செடியைத் தாங்கிப் பிடிக்கச் செம்பழுப்பு நிறத்தில் சின்ன உருண்டைகள். அக்கா ஓர் உருண்டையை எடுக்கப் போய் நிறுத்தினார். இது என்ன என்றார். களிமண்ணைச் சுட்டுச் செய்தது என்று பொட்டலத்தில் போட்டிருந்ததை வாசித்தேன்.

"சுட்டாலும் மண்ணு மண்ணுதான."

உருண்டைகள் மாடிக்கு என் மல்லிகைத் தொட்டிக்குப் போயின. கீழே ஸ்பாஞ்சு மட்டும் தங்கியது.

சுலபமாக ஆரம்பிக்கலாம் என்று புதினாவில் தொடங்கினோம். மார்க்கெட் புதினாவை அண்ணாச்சி கழுவிக் கொடுத்தார். அக்கா தண்டுகளை ஸ்பாஞ்சில் செருகி டப்பாவில் வைத்தார். சில நாளிலேயே கணுக்களில் வெள்ளை முடி போல வேர் வந்தது. அக்கா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் ஓர் அங்குலம் குறைந்தாலும் உடனே நிரப்பினார். அண்ணாச்சி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், உள்ளேயிருந்து "பாப்போம்" என்று பதில் வரும்.

ஆனால் ஒரு வாரம் தாண்டுவதற்குள் இலைகள் தொங்கின. மூடியைத் திறந்தால் வேர் பழுப்பேறிக் கொழகொழத்து, சாக்கடை வாடை அடித்தது. நான் படித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். தண்ணீரை மூடி வரை நிரப்பக் கூடாது; வேரின் மேல்பாதி காற்றில் இருக்க வேண்டும்; அது மூச்சு விடும் இடம். அக்கா அழுகிய தண்டை ஸ்பாஞ்சிலிருந்து உருவினார்.

"அப்ப நான்தான் ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை என்று அண்ணாச்சி சொன்னார்.

அடுத்து வைத்தது பாலக்கீரை. இந்த முறை டப்பாவுக்குள் பச்சையாகப் பாசி படர்ந்தது. வெள்ளை டப்பா வெளிச்சத்தை உள்ளே விட்டதுதான் காரணம் என்று தெரிந்ததும் அண்ணாச்சி எல்லா டப்பாவுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அதற்கும் அடுத்த முறை இரண்டு உரத்தையும் ஒரே குவளையில் கரைத்துவிட்டார் அக்கா. அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது, செடிகள் வெளுத்துப்போயின. ஏயையும் பியையும் தனித்தனியே கரைத்து, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் தண்ணீரில் கலக்க வேண்டும். "கெட்டியாக் கரைச்சாத்தான் சண்டை. நிறையத் தண்ணியில விட்டா ரெண்டும் ஒத்துப்போகுது" என்று அக்கா சொன்னார். அதன் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை. வீட்டுப் போர்த் தண்ணீரில் காரத்தன்மை அதிகம்; சோதனைச் சொட்டு விட்டால் நீலமாக மாறும். புளிப்புக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, அது இளமஞ்சளுக்கு வரும் வரை பொறுமையாகக் கலக்குவார். மீன்தொட்டி விற்கிற கடையிலிருந்து காற்று ஊதும் சின்ன மோட்டார் வந்தது. ஒரு மேசை விசிறியும் வந்தது. மேற்கு மலையிலிருந்து வரும் மேகாத்து படாமல் வளர்ந்த செடிக்குத் தண்டில் தெம்பு இருக்காது என்பது அக்காவின் எண்ணம்.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றுகிறது. பள்ளி விட்டு வந்து, வெளியே சாரல் தூறிக்கொண்டிருக்கும் மாலைகளில், நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஊதா வெளிச்சத்தில் கீரை கறுப்பாகத் தெரியும். நம் கைகள் நம்முடையவை மாதிரி இருக்காது. குமிழிகள் ஓயாமல் ஒரே தாளத்தில் கொப்பளிக்கும். விசிறி திரும்பும்போதெல்லாம் இலைகள் ஒரு பக்கம் சாய்ந்து மெதுவாக நிமிரும். புதினா வாசனையும் ஈர வாசனையும் கலந்து கண்ணைச் சொக்க வைக்கும். பேச்சே தேவைப்படாது. பகலா இரவா, எந்த மாதம் என்பதெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். எத்தனையோ நாள் நான் அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். கண் விழித்தால் அக்கா ஒரு மூடியை மெதுவாகத் தூக்கி, வேர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மண்ணுல இருந்தவரைக்கும் இதப் பாத்ததே இல்ல டீச்சர். செடின்னா மேல இருக்கறதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

இப்போது அவர் கைகள் காற்றில் அலையவில்லை. எந்நேரமும் ஏதாவது ஒரு செடியில் இருந்தன.

தேனிச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு அதை ஏலம் விடுவார்கள். வாழைத்தாரும் தேங்காயும் பூசணியும் குவிந்திருந்த இடத்தில் அக்கா ஒரு தட்டு நிறையப் பாலக்கீரையை வைத்தார். வேரும் வெள்ளையாக, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது. பெண்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதை ஏலத்தில் எடுத்தவர் அக்காவின் ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம். அவர் எங்கே கொண்டுபோனார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்து வாசலில் நின்றார். உயரமான மனிதர், கறையேறிய வேட்டி, கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு. அந்த நீளமான கைகளைப் பார்த்ததுமே அக்காவின் அண்ணன் என்று தெரிந்துவிட்டது. அக்கா கதவருகே வந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் ஒதுங்கி வழி விட்டார். அண்ணாச்சிதான் பரபரப்பாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. கீரை வளர்க்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க என்றார் அக்கா, அண்ணாச்சியைப் பார்த்து.

அவர் பின்கட்டுக் குழாயில் கை, முழங்கை, கால் என்று எல்லாவற்றையும் கழுவினார். நகத்துக்கு உள்ளேயும் தேய்த்தார். பிறகு அந்த ஊதா அறைக்குள் வந்து, டப்பாக்களுக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்தார். அக்கா ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். அவர் குனிந்து வேரைப் பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"நம்ம கொடி வேரு இப்பிடி இருக்கல ஆத்தா," என்றார். "தோண்டிப் பாத்தேன். வேரெல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கிப் போயிருந்துச்சு. புழு. தோட்டம் முழுக்கப் பரவிருச்சு. வெட்டாம வேற வழியில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ வெட்ட விடுவியா?"

"அழுதிருப்பேன்," என்றார் அக்கா. "வெட்ட வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அண்ணன் சாக்கைப் பிரித்தார். உள்ளே திராட்சைக் குச்சிகள். கிணற்று மேட்டில், பாறைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு கொடியில் மட்டும் புழு ஏறவில்லையாம். அதை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார். அப்பா வைத்த கொடி. அதிலிருந்து குச்சி எடுத்து எத்தனையோ முறை பதியம் போட்டும், வேர் இளசாக இருக்கும்போதே புழு தின்றுவிடுகிறது. வாய்க்காலுக்கு மேல்புறம் தரிசாகக் கிடந்த இடத்தைச் சுத்தப்படுத்தி வைத்திருக்கிறார். நல்ல வேராக விட்டு, கெட்டிப்பட்ட பிறகு அங்கே நட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. இதைச் சொல்லிவிட்டு, "வேரு விட வைப்பியா ஆத்தா?" என்று கேட்டார்.

பாப்போம் என்றுதான் சொல்வார் என்று நான் நினைத்தேன். அக்கா குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது மேல் எது கீழ் என்று பார்த்துப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

அந்தக் குச்சிகள் எங்களை நிறையக் காக்க வைத்தன. கணு உப்பியது, வேர் வரவில்லை. ஒன்றிரண்டு பூஞ்சை பிடித்து அழுகின. ஒருநாள் காலை அக்கா மாடிப்படி ஏறி வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். குச்சியின் அடியில் அரிசி முனை அளவு வெள்ளை. அதைப் பார்த்துவிட்டு இருவரும் எதற்காகவோ மெல்லிய குரலிலேயே பேசினோம்.

நடவு நாளில் என்னையும் கூட்டிப் போனார்கள். வேர் விட்ட குச்சிகளை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கா காரில் வந்தார். கம்பம் தாண்டியதும் வழி நெடுகப் பந்தல்கள், அவற்றுக்குப் பின்னால் மலை. மலை உச்சியில் கேரளத்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாய்க்காலின் சிமென்ட் கரையில் வந்து நின்றார். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. குழிகள் தயாராக இருந்தன. அக்கா கரையிலிருந்து ஒவ்வொரு கன்றாக நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டு போய் நட்டார். "வேர மடக்காதீக", "இன்னும் கொஞ்சம் தூக்கி வைங்க" என்று அக்கா குரல் கொடுப்பார். அண்ணனும் அவர் சொன்னபடியே வைப்பார். காற்று ஈரமாக வீசியது. வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது.

கடைசிக் கன்றுக்கு முன் அண்ணன் நிமிர்ந்தார்.

"எறங்கி வா ஆத்தா. ஒரு குழியாச்சும் நீ மூடு."

"சொல்லிட்டேண்ணே."

"எங்கிட்டதான சொன்ன? நானே வேணாம்ங்கிறேன்."

அக்கா தலையை மட்டும் அசைத்தார். கண் நிறைந்திருந்தது. கால் நகரவில்லை. அண்ணன் கன்றை வாங்கிப் போய்த் தானே நட்டு மூடினார். திரும்பும்போது காரில் எனக்கு அக்கா மேல் கோபமாக இருந்தது. சொல்லைக் காப்பாற்றுவது இவ்வளவு பெரிதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

கன்றுகள் பிழைத்தன. அண்ணன் அடிக்கடி தேனிக்கு வந்தார். ஊதா அறையில் உட்கார்ந்து காபி குடிப்பார். கொடி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கையை உயர்த்திக் காட்டுவார். முதல் கவாத்துக்கு நீ வந்துதான் ஆக வேண்டும், கரையில் நின்றாவது சொல்லிக் கொடு என்பார். அக்கா பாப்போம் என்பார். கொடிகள் கம்பியைத் தொட்ட சமயத்தில், ஒரு காலை தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கம்பத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

ஊரின் கல்லறைத் தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. மண் சிவப்பு. முதல் நாள் மழையில் குழைந்து கிடந்தது. பெட்டி இறங்கியதும் போதகர் ஜெபித்தார். ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டார்கள். மனைவி, பிள்ளைகள், பங்காளிகள். அக்காவின் முறை வந்தபோது கூட்டம் அடங்கியது. ஊருக்கே அந்தச் சொல் தெரியும். ஓர் அம்மா தன் கையிலிருந்த ரோஜா மாலையைப் பிய்த்து, மண்ணுக்குப் பதிலாகப் போடட்டும் என்று பூவை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை.

அவர் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் ஈர மண்ணுக்குள் மணிக்கட்டு வரை புதைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அள்ளிக் குனிந்து பெட்டியின் மேல் மெதுவாக வைத்தார். மறுபடி அள்ளினார். மறுபடியும். வாய் விட்டு அழுதது அப்போதுதான். அண்ணாச்சி தூக்கிவிடப் போனார். போதகர் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா தானாக எழும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

வாசலில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பூ நீட்டிய அம்மா அக்காவின் அருகில் வந்தார். இத்தனை வருஷம் காப்பாற்றிய சொல்லை விட்டுவிட்டாயே என்று ஆற்றாமையோடு கேட்டார். அக்கா கைகளைக் கழுவவில்லை. சிவந்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே அண்ணே வேணாம்னாக. எனக்குத்தான் வெளங்கல. அதக் கேட்டவுகளே போயிட்டாக. அந்தச் சொல்ல மட்டும் வச்சு என்ன செய்ய?"

சொல்லிவிட்டு, கம்பியைத் தொட்டுவிட்ட கொடிகளுக்கு நுனி கிள்ளியாயிற்றா என்று அண்ணன் மனைவியிடம் கேட்டார். இல்லை என்றதும், கவாத்துக் கத்தரி எங்கன இருக்கு மதினி என்றார்.